யூரியா வைக்கோலா, கடலைப் புண்ணாக்கா?

சிங்கப்பூரில் தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம் இது என்று நினைத்துக்கொள்வேன். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பதும் மாட்டைப் பற்றித்தான்: கையிலிருக்கும் வைக்கோலோடு எதைச் சேர்ப்பது?

வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடிவைத்தால் அந்தப் புரதம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நாரும் இளகி நன்றாகச் செரிக்கும். செலவும் குறைவு. ஆனால் அளவு தப்பினால் விஷம். போடும் முன் ஆறவிட்டு அமோனியா வாடையைப் போக்க வேண்டும், 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. அப்புறம், யூரியாவின் நைட்ரஜனை இரைப்பை நுண்ணுயிர்கள் புரதமாக்க அவற்றுக்கு மாவுச்சத்தோ வெல்லப்பாகோ வேண்டும். அந்த எரிசக்தி கிடைக்காவிட்டால் நைட்ரஜன் சிறுநீரில் வீணாகப் போய்விடும்.

கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல். விலைதான் கையைக் கடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தொடவே கூடாது, நச்சு பாலிலும் இறங்கும்.

வற்றிய மாட்டுக்கு யூரியா வைக்கோலோடு கொஞ்சம் வெல்லப்பாகு போதும்மா, கறக்கிற மாட்டுக்குப் புண்ணாக்கோடு மக்காச்சோள மாவும் வைம்மா என்றேன்.