சென்னைக் கரையில் திடீரெனச் சில்லிடுவது ஜூன் கடலா, டிசம்பர் கடலா?

ஜூன் நடுவில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டு விசைப்படகுகள் கிளம்பும்போது கரையில் வெயில் கொளுத்தும். அலையில் காலை வைத்தால் சில நாள் சில்லென்றிருக்கும் (மழையே பெய்திருக்காது!). தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி வடக்கே வீச, பூமியின் சுழற்சி மேல்நீரை வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் பக்கம், திருப்பிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் ஏறும். சத்தும் கூடவே வரும், மீனுக்குக் கொண்டாட்டம்.

வடகிழக்குக் காற்றில் கதை தலைகீழ். மேல்நீர் கரைப்பக்கம் ஒதுங்குவதால் அடிநீர் ஏறாது. அப்புறம், நீரோட்டமும் தெற்கே திரும்பி, கங்கை, பிரம்மபுத்திரா கலந்த உப்புக் குறைந்த நீரைக் கொண்டுவரும். லேசான அந்த நீர் மேலேயே மிதந்து மூடிபோல நிற்பதால், அடியில் வெப்பம் தங்கிவிடும். டிசம்பர் வாடையும் கடலைக் குளிர்விக்கும்தான், ஆனால் மெதுவாக. திடீர்ச் சில்லிப்புக்கு என் ஓட்டு ஜூனுக்கே.