சிகரெட்டை நிறுத்த எது கைகொடுக்கும்? வைராக்கியம், கம், பேட்ச், மாத்திரை: ஓர் ஒப்பீடு

சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் சிகரெட்டைத் தொடாதவர்கள் நம் ஊரில் ஏராளம். நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர்கூட கார்த்திகை முதல் தேதி காலையில் சட்டென்று நிறுத்திவிடுவார். கம் கிடையாது, மாத்திரை கிடையாது, டாக்டரும் கிடையாது. ஆனால் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே அவர்களில் பலர் டீக்கடை வாசலில் பழையபடி பற்றவைக்கிறார்கள். உடம்பு கேட்டதால் பற்றவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நிக்கோடினை நிறுத்தும்போது வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், பசி எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41-ஆம் நாளில் நிற்பவர் கடினமான பகுதியைக் கடந்துவிட்டவர். விட்டதற்கான காரணத்துக்கு ஒரு கெடு இருந்தது, அந்தக் கெடு அன்றோடு முடிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அதனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் 12 வாரத்தை எதை வைத்துக் கடப்பது? அதற்குப் பிறகு எதற்காகத் தொடாமல் இருப்பது? மெல்லும் நிக்கோடின் கம், தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், மாத்திரை எல்லாம் முதல் கேள்விக்கான பதில்கள். இரண்டாவது கேள்விக்கு மருந்துக்கடையில் எதுவும் கிடைக்காது.

முதலில் உங்கள் அளவு என்ன?

ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதே முக்கியம். நிக்கோடின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது அளவு தரைமட்டத்தில் இருக்கும். பல் தேய்க்கும் முன்பே பற்றவைக்கிறவருக்கு உடம்பின் பிடி வலுவானது. காலை உணவு முடித்து, ஆபீஸ் போய், பதினோரு மணி டீயோடு முதல் தம் என்றால் அங்கே பழக்கத்தின் பங்கு பெரிது. எழுந்து 30 நிமிடத்துக்குள் என்றால் வெறும் வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பீடி பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். "பீடிதானே" என்று குறைத்து எடைபோடக் கூடாது: அது அடிக்கடி அணைவதால் அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது, புகையும் கூடுதலாகவே உள்ளே போகிறது.

சட்டென்று நிறுத்துவதா, குறைத்துக்கொண்டே வருவதா?

எந்த உதவியும் இல்லாமல் நிறுத்த முயல்பவர்களில் ஆறு மாதம், ஓராண்டு தாண்டியும் விட்டபடியே இருப்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர். உறுதி இல்லாததால் மற்றவர்கள் தோற்றார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. முதல் வாரத்தில் மூளை கேட்கும் நிக்கோடினுக்கு எந்த ஏற்பாடும் செய்யாமல் போனார்கள் என்பதே சரியான விளக்கம்.

குறைத்துக்கொண்டே வருவது சுலபமாகத் தோன்றும். ஆனால் பத்தை ஐந்தாக்கியவர் அந்த ஐந்தையும் ஆழமாக இழுத்து, பஞ்சு சுடும்வரை விடமாட்டார். உள்ளே போகும் நிக்கோடின் நினைத்த அளவு குறைவதில்லை. மிச்சமிருக்கும் ஒவ்வொரு சிகரெட்டின் மதிப்பும் கூடிவிடுகிறது, நாள் முழுக்க அடுத்தது எப்போது என்ற நினைப்பே ஓடும். 2016-ல் இங்கிலாந்தில் 697 பேரிடம் இரண்டு வழியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் நிக்கோடின் மருந்தும் ஆலோசனையும் உண்டு. நான்காவது வாரத்தில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் விட்டபடியே இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம். ஆறு மாதத்தில் அது 22, 15.5 என்று ஆனது. எனவே தேதி குறித்து ஒரே நாளில் நிறுத்துவதுதான் மேல். குறைத்துத்தான் ஆகவேண்டும் என்பவர் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியை முதலில் எழுதிவைத்துவிட்டுக் குறைக்கட்டும். தேதி இல்லாத குறைப்பு பெரும்பாலும் பழைய எண்ணிக்கையிலேயே வந்து நிற்கும்.

கம்: எல்லாரும் வாங்குவது, பலரும் தவறாக மெல்லுவது

2 மி.கி. நிக்கோடின் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவர்களுக்குப் பொருந்துவது 4 மி.கி. கம். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். "கம் போட்டுப் பார்த்தேன், தொண்டை எரியுது, விக்கல் வருது, ஒண்ணும் வேலை செய்யல" என்பது அடிக்கடி கேட்கிற புகார். பெரும்பாலும் மெல்லும் விதத்தில்தான் கோளாறு.

சாதா சூயிங்கம் மாதிரி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அது எரிச்சலைத் தரும், பலனைத் தராது. நிக்கோடின் உள்ளே போக வேண்டிய இடம் கன்னத்தின் உள்தோல். மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை மெல்லுங்கள். மிளகு கடித்தது போன்ற காரமும் ஒரு சுரசுரப்பும் தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்க ஒரு நிமிடம் ஆகும். பிறகு மறுபடி நாலைந்து மெல்லல், இந்தமுறை அடுத்த கன்னத்தில் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். மெல்லத் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து முடியும்வரை டீ, காபி, பழச்சாறு, சோடா எதுவும் கூடாது. வாய் புளித்தால் நிக்கோடின் உள்ளே இறங்காது. டீயைக் குடித்த கையோடு கம்மை வாயில் போடுவதுதான் நம் ஊரில் நடக்கிற முதல் தவறு.

இரண்டாவது தவறு, குறைவாகப் போடுவது. 2 மி.கி. கம்மிலிருந்து ரத்தத்துக்குப் போவது சுமார் 1 மி.கி. ஒரு சிகரெட் தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் சில விநாடிகளில் தருகிறது. நாளுக்குப் பதினைந்து சிகரெட் பிடித்தவர் மூன்று கம்மோடு நிறுத்திக்கொண்டால் மூன்றாம் நாள் மாலை கடைக்குப் போவது நிச்சயம். முதல் ஆறு வாரம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஏக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். 24 மணி நேரத்தில் 24-ஐத் தாண்டக் கூடாது.

பேட்ச்: மறந்துவிட வசதியானது

காலையில் ஒட்டினால் நாள் முழுக்கச் சீராக நிக்கோடின் இறங்கும். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடித்தவருக்கு 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-லிருந்து தொடங்கலாம். வாயில் எதுவும் மெல்ல முடியாத வேலையில் இருப்பவர்களுக்கும், பல்செட் கட்டியவர்களுக்கும் கம்மைவிட இது பொருந்தும்.

நம் வெயிலில் இதற்கு எதிரி வியர்வை. குளித்துத் துடைத்து நன்றாகக் காய்ந்தபின், முடியில்லாத தோளிலோ மேல்கையிலோ ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். எண்ணெயோ பவுடரோ பட்ட தோலில் நிற்காது. நாளுக்கொரு இடம் மாற்றுங்கள், ஒட்டிய இடத்தில் ஒரு வாரம் மறுபடி ஒட்டாதீர்கள். ராத்திரி விசித்திரக் கனவும் தூக்கக் கெடுதலும் வந்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம். எடுத்த பேட்ச்சில் நிக்கோடின் மிச்சமிருக்கும், ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

பேட்ச்சின் குறை, அது திடீர் ஏக்கத்துக்கு ஈடுகொடுக்காது என்பது. முதலாளி கத்தினார், ரயில் தாமதம், நண்பன் எதிரில் பற்றவைத்தான் என்ற நேரத்தில் அது அதே வேகத்தில்தான் இறங்கிக்கொண்டிருக்கும். அங்கேதான் கம் வேண்டும். அடிப்படைக்குப் பேட்ச், அவசரத்துக்குக் கம் என்று இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. "ரெண்டும் சேர்ந்தா நிக்கோடின் ஜாஸ்தியாகிடாதா?" என்று மருந்துக்கடையிலேயே பயமுறுத்துவார்கள். குமட்டல், படபடப்பு, தலைவலி வந்தால் கம்மைக் குறைத்தால் போதும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம்.

மாத்திரை: வாரனிக்லின், புப்ரோபியான்

இரண்டும் டாக்டர் சீட்டுக்கு மட்டும். இரண்டுக்கும் பொதுவான விஷயம், நிறுத்தும் நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது.

வாரனிக்லின் மூளையில் நிக்கோடின் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அரைகுறையாக அந்த இடத்தைத் தூண்டுவதால் ஏக்கம் தணிகிறது. இடம் பிடிபட்டுவிட்டதால் மேலே சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் வராது. முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் 0.5 மி.கி. இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். எட்டாம் நாள்தான் சிகரெட்டை நிறுத்தும் நாள். பக்கவிளைவில் முதலிடம் குமட்டலுக்கு. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு "ஒத்துக்கல" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். சாப்பாட்டுக்குப் பின், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இது மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து தெரியவில்லை, அமெரிக்காவும் அந்த ஆண்டு கடும் எச்சரிக்கையை நீக்கியது. சிறுநீரகக் கோளாறு, வலிப்பு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

புப்ரோபியான் மனச்சோர்வுக்கான மருந்தாக வந்து இந்தப் பயனும் கண்டறியப்பட்டது. 150 மி.கி. மூன்று நாள் ஒரு வேளை, பிறகு எட்டு மணி நேர இடைவெளியில் இரு வேளை, ஏழு முதல் பன்னிரண்டு வாரம். உடல் எடை கூடிவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் இதை டாக்டர் யோசிப்பார். வலிப்பு வந்தவர்களுக்கும், குடியைத் திடீரென்று நிறுத்தும் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் கூடவே கூடாது. தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் இரண்டாம் மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் போடக் கூடாது.

எது மேல்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த ஆய்வுகளில் மருந்தின்றி 100-க்கு 6 பேர் விடும் இடத்தில் வாரனிக்லின் எடுத்தவர்களில் 12 முதல் 16 பேர் விட்டிருந்தார்கள். பேட்ச்–கம் ஜோடி அதற்கு அடுத்த படியில். தனிக் கம், தனிப் பேட்ச், புப்ரோபியான் அதற்கும் கீழே. எங்கள் தேர்வும் இதே வரிசைதான்: டாக்டரைப் பார்க்க முடிந்தால் வாரனிக்லின், முடியாவிட்டால் பேட்சும் கம்மும் சேர்த்து. இ-சிகரெட்டைக் கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனையும் இறக்குமதியும் தடை, அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

சிகரெட்டுக்குப் பதில் பாக்கும் மெல்லும் புகையிலையும் போடுவது மாற்றே இல்லை. புகையிலை கலக்காத வெறும் பாக்கே வாய்ப்புற்றுக்குக் காரணம். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் ஏலக்காய், கிராம்பு, சுக்கு போதும்.

டீயைப் பற்றி யாரும் சொல்லாதது

புகையில் உள்ள தார் பொருள்கள் ஈரலைத் தூண்டி, காஃபினை வேகமாகச் செலவழிக்க வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் குறைந்து, அதே நாலு டீக்கு ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். "சிகரெட் இல்லாம இருக்க முடியல" என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். நிறுத்திய நாளிலிருந்து டீ, காபியைப் பாதியாக்குங்கள். டீயும் தம்மும் ஒட்டிப் பிறந்தவை என்பதால், முதல் மூன்று வாரம் கடையையும் மாற்றினால் இன்னும் நல்லது. மனநோய்க்கு ஓலன்சபின், க்ளோசபின், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். டாக்டரிடம் நிறுத்தும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் காரணம் நீடிக்கும்?

பயம் முதல் நாளைத் தொடங்கிவைக்கும். 2016-லிருந்து பாக்கெட்டின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் மூடியிருக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண் பிறகு பார்ப்பதில்லை. பயம் பதற்றத்தைத் தரும், பதற்றத்துக்குப் புகைப்பவருக்குத் தெரிந்த மருந்து சிகரெட் ஒன்றுதான். அதே செய்தியை லாபமாகத் திருப்பினால் நிற்கும்: ஓராண்டில் புகையால் வந்த கூடுதல் இதய நோய் அபாயம் பாதியாகிறது, பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் பாதியாகிறது. மாரடைப்பு வந்தபின் நிறுத்தியவருக்கு இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

பணம் பயத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், நிறுத்தினால் 750 டாலர் வரை தருவதாகச் சொல்லப்பட்டவர்களில் ஓராண்டு வாக்கில் 14.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 5 சதவீதம். பணம் கொடுத்து முடித்த பிறகு 14.7 என்பது 9.4 ஆகச் சரிந்தது. மாலை கழற்றிய கதைதான், கெடு முடிந்ததும் பிடி தளர்கிறது. ஆனாலும் அப்போதும் மற்றவர்களைவிட மேல். சொந்தக் கணக்கு போடுங்கள்: ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளுக்குப் பத்து என்றால் மாதம் 6,000, ஆண்டுக்கு 73,000. மனக்கணக்காக வைத்தால் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் மாதத் தொடர் வைப்பாகக் கட்டத் தொடங்கினால் ஐந்தாண்டுக்குப் பிடி விலகாது.

பிள்ளைகளுக்காக விடுவது பலமான காரணம். அதைக் குடும்பம் போலீஸ் வேலையாக்கும்போதுதான் கெடுகிறது. சட்டையை முகர்ந்துபார்க்கும் வீட்டில் ஒளிந்து பிடிக்கிற பழக்கம்தான் வளரும்.

எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விட நீடிப்பது, தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விதம் மாறுவது. நண்பர் நீட்டும்போது "விட்டுக்கிட்டிருக்கேன் மச்சான்" என்றால் அவர் வற்புறுத்துவார். "நான் பிடிக்கிறதில்ல" என்றால் பேச்சு அங்கேயே முடிகிறது. மாலை போட்டவரிடம் யாரும் நீட்டாததற்குக் காரணம் இதுவே: அவர் யார் என்பது கழுத்தில் தெரிகிறது. முதல் நாளிலிருந்தே இந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஏக்கம் வந்தால் சில நிமிடங்களில் தணியும். அதுவரை தண்ணீர், நடை, ஒரு போன்.

தமிழில் பேச 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். மருந்தோடு ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும். முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ எடை கூடலாம். முதல் மாதமே பட்டினி கிடந்து அதோடும் மல்லுக்கட்ட வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் "ஒரே ஒரு இழுப்பு" கூடாது, பழைய நிலைக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வழுக்குகிறார்கள். அப்படியே வழுக்கிவிட்டாலும் பேட்ச்சைக் கழற்ற வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மீதிப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, எங்கே, யாரோடு, எதற்குப் பிறகு பற்றவைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த கம்மை நேரத்துக்குப் போடுங்கள்.