கண்டென்சேட் குழாய்க்கு எந்த அமீன்: மார்ஃபோலினா, சைக்ளோஹெக்சைலமீனா?

எங்கள் சாய ஆலையில் கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர்) திரும்பிவரும் இரும்புக் குழாய்களின் அடிப்பக்கம் வாய்க்கால்போல் அரித்து ஓட்டை விழுந்துகொண்டிருந்ததால், நீராவியில் அமீன் (ஆவியோடு சென்று அமிலத்தைச் சமன்செய்யும் காரப்பொருள்) சேர்க்க முடிவு செய்தோம். சாஃப்ட்னர் நீரின் கடினத்தன்மையை நீக்குமே தவிர, பைகார்பனேட்டை நீக்காது. அது பாய்லருக்குள் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக நீராவியோடு சென்று, குளிரும் இடத்தில் கார்பானிக் அமிலமாகிறது. அதைச் சமன்செய்ய நாங்கள் எடுத்தது மார்ஃபோலின். என் சாய்வும் அந்தப் பக்கமே.

கொதிநிலையில் பெரிய வேறுபாடு இல்லை. மார்ஃபோலினுக்கு 129 டிகிரி செல்சியஸ், சைக்ளோஹெக்சைலமீனுக்கு 134. இரண்டும் நீரில் முழுமையாகக் கலக்கும், இரண்டும் மீன் கவிச்சி அடிக்கும். காரவலிமையில் சைக்ளோஹெக்சைலமீன் மேல்: அதன் பி.கே.ஏ. (கூடக்கூடக் காரம் வலிமையானது என்று காட்டும் எண்) 10.6, மற்றதற்கு ஏறத்தாழ 8.4. எனவே பி.எச். அளவை 9-க்கு அருகே கொண்டுபோக மார்ஃபோலின் கூடுதலாகவே செலவாகும்.

ஆனால் எங்கள் தேர்வைத் தீர்மானித்தது, அமீன் ஆவியில் எவ்வளவு தங்குகிறது, நீரில் எவ்வளவு இறங்குகிறது என்ற விகிதம். மார்ஃபோலினுக்கு இது சுமார் 0.4, நீராவி குளிரத் தொடங்கும் இடத்திலேயே பெரும்பகுதி நீரோடு இறங்கிவிடும். சைக்ளோஹெக்சைலமீனுக்கு ஏறக்குறைய 4. அது ஆவியிலேயே தங்கித் தொலைவு வரை செல்லும். எங்களிடம் பாய்லருக்கும் சாய எந்திரங்களுக்கும் இடையே தூரம் குறைவு; கண்டென்சேட் தொட்டியோ வென்ட் (ஆவி வெளியேறும் குழாய்) திறந்திருப்பது. ட்ராப்பிலிருந்து (நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் வால்விலிருந்து) வரும் சூட்டு நீர் தொட்டியில் விழுந்ததும் ஒரு பகுதி மறுபடி ஆவியாகிறது. சைக்ளோஹெக்சைலமீனாக இருந்தால் அந்த ஆவியோடு மருந்தும் காசும் வென்ட் வழியே போய்விடும், நாற்றம் வேறு. மார்ஃபோலின் பெரும்பாலும் நீரிலேயே நின்று பாய்லருக்குத் திரும்புவதால், டோசிங் பம்பை அடிக்கடி திருத்த வேண்டியதில்லை.

ஆபத்தில் எதுவும் சாது அல்ல. இரண்டும் தோலையும் கண்ணையும் அரிக்கும். இரண்டின் ஆவியும் காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு கனம் என்பதால் தரையோடு படரும். அடர்நிலையில் ஃபிளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால், நம் கோடைப் பகலில் பாய்லர் அறையின் வெப்பமே அதைத் தாண்டிவிடும். நீர்த்த கரைசலாக வாங்கினால் தீ அபாயம் வெகுவாகக் குறையும். அப்போதும் கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மார்ஃபோலின் ஆவி குறைந்த அளவில் பட்டாலும், சில மணி நேரம் கழித்துப் பார்வை நீலம் பூத்து விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியக்கூடும். தானாகச் சரியாகும் என்றாலும், ஷிஃப்ட் முடிந்து இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அது சிறிய விஷயமன்று.

மார்ஃபோலினின் பெரிய குறை வேறு: இரண்டாம் நிலை அமீன் என்பதால், நைட்ரைட்டோடு சேர்ந்தால் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசோமார்ஃபோலின் உருவாகும். நாப்தால் சாயத்துக்குச் சோடியம் நைட்ரைட் வாங்கும் ஆலைகள் இரண்டையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது. முதல்நிலை அமீனான சைக்ளோஹெக்சைலமீனுக்கு இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை.

நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் லைன்களில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே கடைக்கோடிக்கு மார்ஃபோலின் மட்டும் போதாது என்பதால் இரண்டையும் கலந்தே தருகிறார்கள். கடைசி ட்ராப்பின் பி.எச். 8.5-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கலவையை யோசிக்கலாம். மாதிரியைக் கூலர் வழியாகக் குளிரவைத்தே எடுக்க வேண்டும். ஆவி பறக்க வாளியில் பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.