மசில்லோடர் குழலுக்குள் பார்க்க: டிராப்-இன் விளக்கா, தூண்டில் குச்சியா, எண்டோஸ்கோப்பா?

பழைய மசில்லோடர் வாங்கப் போகிறவர் மரத்தின் பளபளப்பையும் பித்தளையின் மினுமினுப்பையும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அதன் மதிப்பு இருப்பது குழலின் மூடிய அடிமுனையில், கடைசி நாலு அங்குலத்தில்தான். நம்மூர்ச் செய்திகளில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று வருமே, அந்த இனம்தான் இது. கருமருந்தும் குண்டும் குழல்வாய் வழியாகவே உள்ளே போகும். அமெரிக்காவில் இவற்றில் பெரும்பாலானவற்றை 1968-ஆம் ஆண்டின் கூட்டரசு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழம்பொருள் கணக்கில் சேர்த்துவிட்டது. மாநிலச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இருக்கும் பென்சில்வேனியாவில் 1974 முதல் ஃபிளின்ட்லாக்குக்கென்றே (தீக்கல் பொறியால் வெடிக்கும் பழைய வகை) தனி மான் வேட்டைக் காலம் உண்டு. அதனால் வீட்டு வாசல் விற்பனையில்கூட பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மசில்லோடர் சாய்ந்து நிற்பது இங்கே அதிசயமில்லை. நானும் அப்படித்தான் ஒரு .50 காலிபர் (உள்விட்டம் அரை அங்குலம்) ஹாக்கன் பாணித் துப்பாக்கியை, அதாவது பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி வடிவில் ஒன்றை, வாங்கினேன். அதற்குள் எட்டிப் பார்க்க விளக்கு தேடியதில் தேறியதுதான் இந்த அலசல்.

அடிப்பக்கத்தின் மேல் ஏன் இத்தனை சந்தேகம்? கருமருந்து எரிந்து மிஞ்சும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்தில் பெர்குளோரேட்டும் இருப்பதால் கசடில் குளோரைடு உப்பு சேர்ந்து, துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். துடைக்கும் துணி சரியாக எட்டாத இடமும் அடிதான். எண்ணெய் போட்டு நிமிர்த்தி வைத்தால் அது வழிந்து போய்க் கெட்டியாகி நிற்பதும் அங்கேதான். குழல்வாயில் கண்ணாடி மாதிரி மின்னும் துப்பாக்கியின் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கும்.

விளக்குக்குப் போகும் முன் ஒன்று. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பை எடுத்துவிட்டு, குண்டைத் தள்ளும் கோலை அடிவரை இறக்கி, குழல்வாயில் விரலை வைத்து அளவு பிடியுங்கள். அதே நீளத்தைக் குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, கேப் உட்காரும் துளையுள்ள முனையான நிப்பிள் இருக்கும் இடத்துக்கு வராமல் ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால், உள்ளே யாரோ போட்ட மருந்தும் குண்டும் இருக்கலாம். அப்போது எந்த விளக்கும் வேண்டாம், முகத்தை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஹாக்கன் பாணியில் குழலைக் கட்டையோடு பிடிக்கும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாகக் கழன்று வந்துவிடும். காலி என்று உறுதியான பிறகு, குழலை மட்டும் கையில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

யாருக்கு விளக்கே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பற்றவைக்கும் கேப் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் புதிய இன்லைன் வகைகளில் அடித் திருகைக் கழற்றிவிடலாம். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் போதும், வேலை முடிந்தது. கைபேசி டார்ச்சைக் குழல்வாயில் வைத்துப் பார்ப்பது சும்மா. கண்ணும் விளக்கும் ஒரே ஓட்டைக்குப் போட்டி போடும். முதல் இரண்டு அங்குலம் கண்ணைக் கூச வைக்கும், மற்றதெல்லாம் இருட்டு. மருந்தறைக்குள் ஒளி போய்ச் சேர வேண்டும் என்றால் விளக்கே உள்ளே இறங்க வேண்டும்.

அப்படி இறங்குவதற்கென்றே விற்பதுதான் டிராப்-இன் விளக்கு. விரல் நுனி அளவில் ஒரு குப்பி, உள்ளே பொத்தான் பேட்டரி, மேல்முனையில் எல்.ஈ.டி. பத்து டாலருக்குள் கிடைக்கிறது. எரியவிட்டுக் குழலுக்குள் போட வேண்டும், பார்த்ததும் கவிழ்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். குழலின் உள்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்கள் சுழன்று மேலே வருவது அழகாகத் தெரியும், அதை மறுக்க மாட்டேன். வாங்கும் இடத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்து அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் எல்.ஈ.டி. நேராக உங்கள் கண்ணைப் பார்த்து எரிகிறது. நாம் பார்க்க வேண்டிய அடிப்பகுதிக்குப் பக்கத்திலேயே அந்தக் கூச்சமும் இருக்கிறது. அதைவிட முக்கியம், விளக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

இப்போது நான் வைத்திருப்பதற்கு வருகிறேன். இரவில் மீன் பிடிப்பவர்கள் தூண்டில் தக்கையின் மேல் செருகும் எல்.ஈ.டி. குச்சி இது. தடிமன் சுமார் நாலரை மில்லிமீட்டர், உள்ளே சி.ஆர்.425 என்ற ஊசி பேட்டரி. ஒரு டாலர், இரண்டு டாலர் விலை. மீன்பிடிச் சாமான் கடையில் கொத்தாக மாட்டியிருப்பார்கள். தண்ணீருக்காகவே செய்தது என்பதால், கழுவி ஈரம் காயாத குழலுக்குள்ளும் தைரியமாக இறக்கலாம்.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதை எனக்குத் தீர்மானித்தது வெளிச்சமல்ல, விலையுமல்ல. உள்ளே போனது எப்படி வெளியே வரும் என்ற கேள்விதான். சாதாரணத் துப்பாக்கியில் ஏதாவது சிக்கினால் பின்பக்கத்தைத் திறந்து தள்ளிவிடலாம். இதில் பின்பக்கம் கிடையாது, போன வழியேதான் எல்லாம் திரும்ப வேண்டும். சுத்தமான குழலில் டிராப்-இன் விளக்கு கவிழ்த்ததும் விழுந்துவிடும். ஆனால் நாம் சோதிக்கப் போகும் குழல் சுத்தமாக இருக்கும் என்று யார் சொன்னது? கெட்டியான எண்ணெயும் கசடும் உள்ள குழலில் அது ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். தட்ட வேண்டும், நிப்பிளைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் காற்றடிக்க வேண்டும். விற்பவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் தேவையா? கோலின் முனையில் மாட்டும் திருகுக் கொக்கி துணியைத் தான் பிடிக்கும். வழுக்கும் பிளாஸ்டிக் குப்பியை என்ன செய்யும்? விளக்கு உள்ளே இருக்கும்போது மருந்தும் கேப்பும் வைத்துச் சுட்டுத் தள்ளலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். குழல் வீங்கலாம், பிளக்கவும் செய்யலாம்.

குச்சியில் இந்தக் கவலை இல்லை, காரணம் நரம்பு. குச்சியின் பேட்டரி முனையில் தூண்டில் நரம்பை வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் டியூப் ஒன்றை அதன் மேல் போட்டு இறுக்கிவிட்டேன். சூட்டை அளவாகத்தான் காட்ட வேண்டும், பேட்டரியைச் செருகும் முன் காட்ட வேண்டும். நரம்பின் மறுமுனையில் ஒரு சட்டைப் பொத்தான் கட்டியிருக்கிறேன். அது குழல்வாய்க்குள் நுழையாது.

இப்படி வால் பக்கம் கட்டுவதில் இன்னொரு லாபமும் வந்தது. தொங்கும்போது எல்.ஈ.டி. கீழ்நோக்கி இருக்கும். ஒளி கண்ணில் அடிக்காமல் அடிச்சுவரில் பட்டுத் திரும்பும். அரை அங்குலக் குழலில் நாலரை மில்லிமீட்டர் குச்சி தொங்கினால் சுற்றிலும் பார்க்க இடம் இருக்கிறது. பல ஹாக்கன் வகைகளில் மருந்தறை குழலைவிடக் குறுகலாக இருக்கும். டிராப்-இன் விளக்கு அந்த அறையின் வாசலிலேயே உட்கார்ந்துவிடும், குச்சி உள்ளேயும் எட்டிப் பார்க்கும்.

அப்புறம், மெதுவாக மேலே இழுக்கலாம். பார்ப்பதில் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது. நின்ற இடத்தில் எரியும் விளக்கில் லேசான குழி தெரியாது. விளக்கு நகரும்போது அதன் நிழலும் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். குண்டை மருந்தோடு ஒட்ட இறக்காமல் நடுவில் விட்டுச் சுட்டிருந்தால் குழலில் வளையம் போல ஒரு வீக்கம் விழும். விளக்கு அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு கரிய வட்டம் சட்டென்று வந்து போகும். அப்படி ஒன்றைப் பார்த்தால் விலை பேசாமலே நகர்ந்துவிடலாம்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். இந்தக் குச்சிகள் பெரும்பாலும் சிவப்பிலும் பச்சையிலும் வரும். சிவப்பு வேண்டாம். சிவப்பு ஒளியில் துருவும் நல்ல எஃகும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், பச்சையில் துரு கருத்துத் தெரியும். பச்சையின் குறை என்னவென்றால், துருவும் கருமருந்துக் கசடும் இரண்டுமே கருப்பாகத்தான் இருக்கும். அதைப் பிரித்தறிய வெள்ளைத் துணியை ஈரமாக்கி உள்ளே விட்டு எடுங்கள். கருப்பாக வந்தால் கசடு, காவி நிறத்தில் வந்தால் துரு.

தொல்லை இல்லாமல் இல்லை. ஊசி பேட்டரி எல்லாக் கடையிலும் கிடைக்காது. வெளிச்சமும் டிராப்-இன் விளக்கைவிடக் குறைவு. வெயிலில் பார்க்க முடியாது, நிழலுக்குப் போக வேண்டும்.

எண்டோஸ்கோப் பற்றி நான் அளந்துதான் பேச வேண்டும், ஏனென்றால் நண்பரிடம் இரவல் வாங்கித்தான் பயன்படுத்தியிருக்கிறேன். கைபேசியில் செருகும் மலிவு கேமரா, இருபது முப்பது டாலர். கம்பியோடு வருவதால் சிக்கும் பயம் இல்லை, அது பெரிய விஷயம். அடிமுகம் அட்டகாசமாகத் தெரிகிறது. ஆனால் கேமரா நேரே முன்னால் பார்ப்பது. பக்கச் சுவர் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் மங்கிவிடுகிறது. கூட வரும் சின்ன சாய்வுக் கண்ணாடியை மாட்டினால் சரியாகும். நான் இரவல் வாங்கியதில் அந்தக் கண்ணாடி கொஞ்சம் தளர்வாக இருந்தது. கழன்று உள்ளே விழுந்தால் மறுபடி அதே கதைதான். இன்னொன்று, படம் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். நன்றாகச் சுடும் குழல்கூட அதில் நிலாவின் பள்ளங்கள் மாதிரித் தெரியும். நிறையக் குழல்களைப் பார்த்துப் பழகியவருக்கு அது நல்ல கருவி, முதல் துப்பாக்கி வாங்குகிறவரை வீணாகப் பயமுறுத்தும். படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், பின்னாளில் விற்கும்போது வாங்குகிறவரிடம் காட்ட உதவும்.

வீட்டில் சுத்தமாகப் பராமரிக்கும் ஒரே துப்பாக்கியை அவ்வப்போது பார்க்க மட்டும் வேண்டும் என்பவருக்கு டிராப்-இன் விளக்கு தாராளமாகப் போதும். அடிக்கடி பழைய துப்பாக்கிகளைப் புரட்டுகிறவர் குச்சியும் நரம்பும் வைத்துக்கொள்ளட்டும். .32 காலிபர் அணில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தேர்வே இல்லை. குழலின் உள்விட்டம் எட்டு மில்லிமீட்டர்தான், அதில் .50-க்கான டிராப்-இன் விளக்கு நுழையாது, குச்சிதான் போகும். அதிலும் நரம்பை முன்கூட்டியே இழுத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.