தஹான் மலை: மெராப்போ வழியா, கோல தஹான் வழியா?

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் தஹான். உயரம் 2,187 மீட்டர். சபாவில் இருக்கும் கினபாலு இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் என்பதால், தஹானை எளிதாக எடைபோடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கினபாலுவில் இரவு தங்கக் கட்டில் உண்டு, சுடச்சுடச் சாப்பாடும் உண்டு. தஹானில் தூங்கும் இடமும் சோறும் உங்கள் முதுகில்தான் வர வேண்டும். 200 மீட்டருக்கும் தாழ்ந்த ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கி, மழைக்காட்டைக் கடந்து, முகடு முகடாக ஏறி இறங்கி, அதற்குப் பிறகுதான் உச்சி. ஆகவே எந்த வழியாகப் போவது என்ற கேள்விதான் இந்தப் பயணத்தில் முதல் கேள்வி.

வழிகள் மூன்று. மேற்குப் பக்கம் மெராப்போவில் ஏறி அங்கேயே இறங்குவது ஒன்று. வழக்கமாக நான்கு பகல், மூன்று இரவு. தெற்கே கோல தஹானில் தொடங்கி அங்கேயே திரும்புவது இன்னொன்று. இதற்கு ஒரு வாரம் ஆகும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் குறுக்குப் பயணம் மூன்றாவது.

எங்கள் குழு மெராப்போவைத் தேர்ந்தெடுத்தது. போய்வந்த பிறகு அந்த முடிவில் எனக்கு உறுதி கூடியிருக்கிறது. முதன்முறையாகத் தஹானுக்குப் போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். கோல தஹான் பக்கத்தில் நான் மெலாந்தை முகாம் வரைதான் நடந்திருக்கிறேன். அதற்கு மேல் அந்த வழியைப் பற்றி இங்கே எழுதுவது, அதில் முழுவதும் போய்வந்த நண்பர்களும் எங்கள் வழிகாட்டியும் சொன்னதை வைத்துத்தான்.

பொதுவான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த வழியானாலும் வழிகாட்டி கட்டாயம். வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலை மூடப்படும். திறக்கும் தேதியை அந்தந்த ஆண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டைகள் இரு பக்கமும் சளைக்காமல் கடிக்கும். உச்சியிலிருந்து பார்க்கும் காட்சியும் ஒன்றுதான், மேகம் விட்டால்.

போய்ச் சேர்வதில் மெராப்போ வசதி. கிழக்குக் கரை ரயில் பாதையில் மெராப்போவுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. குவா மூசாங் போகும் சாலையும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கோல தஹானுக்கு ஜெராண்டுட் வழியாகச் செல்ல வேண்டும். நேரம் இருந்தால் கோல தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சலாகப் படகிலும் போகலாம். அந்தப் படகுப் பயணம் அழகானது. ஆனால் மலைக்கு வழி தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம் ஆகாது.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: சுமை. மொத்தச் சுமையைவிட, வழியில் எந்த இடத்தில் எவ்வளவு சுமை உங்கள் தோளில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதைப் போகிறவர்கள் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. எல்லாரும் தூரத்தையும் நாள் கணக்கையும்தான் கேட்கிறார்கள்.

சாப்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். அரிசி, பருப்பு, நெத்திலிச் சம்பால், மைலோ, பிஸ்கட் என்று சமைக்காத உணவாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளைக்கு 2.8 கிலோ. ஏழு நாளைக்கு 4.9 கிலோ. அடுப்புக்கான எரிவாயு, கூடுதல் காலுறை, கூடுதல் மின்கலம் எல்லாம் சேர்ந்தால் வித்தியாசம் மூன்று கிலோவைத் தொடும். மூன்று கிலோ என்ன பெரிது என்று கேட்கலாம். கூடாரம், தூங்கும் பை, பாத்திரம், உடை என்று பத்துப் பன்னிரண்டு கிலோ ஏற்கெனவே முதுகில் ஏறிவிட்டது. தண்ணீர் இரண்டு மூன்று கிலோ. மழையில் நனைந்த கூடாரம் காலையில் காயாமலேயே பைக்குள் போகும். அதற்கும் எடை உண்டு. இதற்கு மேல் ஏறும் மூன்று கிலோ வேர்ப்படிகளில் ஒவ்வோர் அடிக்கும் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

மெராப்போவின் பெரிய பலம், போன வழியிலேயே திரும்பி வருவது. வந்த வழியே திரும்புவதில் என்ன சுவை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் அந்தச் சுவையை மதிக்கிறவன்தான். ஆனால் திரும்பி வரும் வழி ஒன்றாக இருந்தால், சுமையை வழியில் வைத்துவிட்டுப் போகலாம். கடைசி நாளுக்கான உணவு, இறங்கும்போது போட்டுக்கொள்ள ஓர் உலர்ந்த உடை, ஓர் எரிவாயுக் குப்பி ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டிக் கோர் முகாமில் உயரமாகத் தொங்கவிட்டோம். ஆளுக்கு இரண்டு கிலோ அங்கேயே குறைந்தது. அதற்கு மேல்தான் செங்குத்தான ஏற்றம். எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதை வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள். அணிலுக்கும் குரங்குக்கும் எட்டாத கிளை எது என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் வழிகாட்டியை நாங்கள் எல்லாரும் 'பாங்' (மலாயில் அண்ணன்) என்றே கூப்பிட்டோம். அவர் ஒரு கிளையை இழுத்துப் பார்த்து, தலையை ஆட்டி, இன்னொன்றுக்குப் போய், அதையும் விட்டு, மூன்றாவதில்தான் கட்டினார். திரும்பி வந்தபோது பை கட்டியபடியே இருந்தது.

உச்சிக்குப் போகும் நாளிலும் இதே கணக்குதான். மேல் முகாமில் கூடாரத்தையும் பெரும்பையையும் விட்டுவிட்டு, தண்ணீர், மழைச்சட்டை, தலைவிளக்கு, கொஞ்சம் பிஸ்கட் ஆகியவற்றோடு உச்சிக்குப் போய்வந்தோம். போன்சாய், போத்தாக் முகாம்களுக்கு அப்பால் மறைவு என்று ஒன்றும் கிடையாது. இடிமின்னல் வந்தால் ஒதுங்க மரமும் இல்லை. அங்கே வேகமாக நடக்க முடிவதே ஒரு பாதுகாப்பு. முதுகில் பதினைந்து கிலோ இருந்தால் அந்த வேகம் வராது.

குறுக்குப் பயணத்தில் இது எதுவும் முடியாது. ஊசி முதல் கூடாரம் வரை அத்தனையும் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். கோல தஹான் வழியில் திரும்புகிறவர்கள் உணவைப் பாதியில் கட்டிவைக்கலாம். நண்பர்களும் அப்படித்தான் செய்தார்களாம். ஆனால் அந்த வழியில் கடினமான மேடுபள்ளம் தொடக்கத்திலேயே, பை கனமாக இருக்கும் நாட்களில், வந்துவிடுகிறது. மெலாந்தையைத் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள். மொத்தம் 27 என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஏறிய உயரத்தையெல்லாம் இறங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். ராஜா மலையையும் கடந்து ஆற்றுக்கு இறங்கினால், உச்சிக்கான உண்மையான ஏற்றம் அங்கிருந்து இன்னும் தொடங்கவே இல்லை.

மெராப்போவில் இதற்கு நேர்மாறு. சுங்கை ரெலாவ் பூங்கா அலுவலகத்திலிருந்து கோல ஜூராம் வரை சுமார் 13 கிலோமீட்டரை நான்குசக்கர வாகனத்திலேயே கடந்துவிடலாம். முதல் நாள் நடை பெரும்பாலும் ஆற்றோரம். லுயிஸ் ஆற்றைச் சில முறை கடக்க வேண்டியிருக்கும். கோர் முகாமில் இரவு தங்கி, பெரும் ஏற்றத்தை மறுநாள் காலையில் உடம்பு புத்துணர்வோடு இருக்கும்போது தொடங்கலாம். பெர்மாதாங், குபாங், பெலுமுட் என்று முகாம்கள் அடுத்தடுத்து வரும். குழுவில் யாருக்காவது கால் தளர்ந்தால் திட்டத்தை அன்றைக்கே சுருக்கிக்கொள்ள இடம் உண்டு. எந்த முகாமில் தண்ணீர் இருக்கும் என்பது மழையைப் பொறுத்தது. அதை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டு போகாமல், அன்றன்று காலையில் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

சுங்கை ரெலாவில் நடக்கும் பொருள் சோதனையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், அதுவும் சுமைக் கதைதான். பையில் இருக்கும் எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொல்வார்கள். பிஸ்கட் பாக்கெட் எத்தனை, மின்கலம் எத்தனை, பிளாஸ்டிக் பை எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலில் எழுதுவார்கள். திரும்பி வந்ததும் அதே பட்டியலை வைத்து எண்ணுவார்கள், குறைந்தால் அபராதம். எரிச்சலான வேலை என்று தோன்றும். எனக்கோ அதைவிட நல்ல ஏற்பாடு எந்த மலையிலும் இருக்க முடியாது என்றே பட்டது. பெலுமுட்டில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும்: பாசி மூடிய மரங்களுக்கு நடுவில் ஒரு மிட்டாய்த் தாளும் கிடக்கவில்லை. இன்னொரு பலனும் உண்டு. எண்ணப்போகிறார்கள் என்று தெரிந்தால், உறைகளையெல்லாம் வீட்டிலேயே பிரித்துவிட்டு, உணவை நாள்வாரியாக ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவீர்கள். அரைக் கிலோ குப்பை மலைக்கு வராமலே போகும்.

கோல தஹான் வழிக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லியாக வேண்டும். 1905-ல் விலங்கியலாளர் ராபின்சனின் குழு தஹான் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலேறியது அந்தப் பக்கத்திலிருந்துதான். பஹாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்து 4,343 சதுர கிலோமீட்டர் விரிந்திருக்கும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் தாழ்நிலக் காட்டை நாள்கணக்கில் உள்ளிருந்து பார்க்க வேண்டுமானால், அந்த வழியை மெராப்போ ஈடுசெய்யாது. பாத்தேக் பழங்குடி மக்கள் வாழும் காடு அது. மெலாந்தை வரை நான் நடந்த குறுகிய தூரத்திலேயே, பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மரங்களைப் பார்த்து நின்றுவிட்டேன். காட்டுக்காகப் போகிறவர், ஒரு வாரம் விடுப்பு உள்ளவர், முன்பே நீண்ட நடைகளில் சுமை தூக்கிப் பழகியவர் கோல தஹானைத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் ஆறு. அந்த வழியில் கோல தெக்கு முகாமுக்கு முன் தஹான் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். மேலே மழை கொட்டினால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே 'கெப்பாலா ஆயர்' வந்துவிடும்; கலங்கிய வெள்ளம் ஒரேயடியாக இறங்கும். அப்போது கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சோறு வேண்டும். எனவே அந்த வழிக்கு ஏழு நாள் உணவு போதாது, எட்டாவது நாளுக்கும் தூக்க வேண்டும். கணக்கு மறுபடி சுமையிலேயே வந்து நிற்கிறது. மெராப்போ ஆறுகளிலும் வெள்ளம் வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் அவை பாதையின் முதல் பகுதியோடு முடிந்துவிடுகின்றன.

மேலே போனால் இரு வழிகளும் ஒரே வகையான உலகத்துக்குள் நுழைகின்றன. மணற்கல்லும் குவார்ட்சைட்டும் நொறுங்கிய வெள்ளை மண்ணில் சத்து கிடையாது. அதனால் மரங்கள் இடுப்பளவோடு நின்றுவிடுகின்றன. குனிந்து பார்த்தால் பாதையோரப் பாசியில் குடுவைச் செடிகள், விரல் நீளத்தில், உள்ளே மழைநீரும் மூழ்கிய எறும்பும். தஹானைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத விசிறிப்பனை ஒன்றும் இங்கே இருக்கிறது. தெற்குப் பக்கம் ரெஸ்கிட், பாடாங், கெடுங் முகாம்கள் வழியாக இந்த வெட்டவெளி இன்னும் நீளமாக இருக்கும் என்கிறார்கள். குறுக்குப் பயணத்தின் மேல் எனக்கு ஆசை வருவது அந்த ஒரு பகுதிக்காகத்தான்.

அந்த ஆசை உங்களுக்கும் இருந்தால், மெராப்போவில் ஏறி கோல தஹானில் இறங்குவதாகத் திட்டமிடுவது நல்லது என்பது என் கருத்து. உணவு தீர்ந்து பை இளைத்திருக்கும் நாட்களில் அந்தக் குன்றுகள் வரும். ஆனால் நாட்கணக்கான இறக்கத்துக்குப் பிறகு முழங்கால் எந்த நிலையில் அவற்றைச் சந்திக்கும் என்பதை நடந்து பார்க்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மெராப்போ இறக்கத்திலேயே எங்களில் இருவருக்கு முழங்கால் வீங்கியது. ஊன்றுகோல் இரண்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செலவைப் பொறுத்தவரை வழிகாட்டியின் கூலி நாள் கணக்கு. நாள் கூடக் கூடச் செலவும் கூடும். குறுக்குப் பயணத்துக்கு இரு முனையிலும் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். சுமைதூக்கி வைத்துக்கொள்ள முடியும் என்றாலும் கூலி கணிசமானது. முன்பதிவின்போதே எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: உச்சி நாளன்று பெரும்பையை எந்த முகாமில் விடுவோம்? இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற வழிகாட்டியாகப் பார்த்துப் பணம் கட்டுங்கள்.