250 ரூபாய்ப் பட்டையும் என் பழைய டீசல் காரும்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். நான் வைத்திருக்கும் அதே டீசல் கார், அதே 1999 மாடல், அறுபத்தைந்தாயிரத்துக்கு வருகிறதாம். "எடுக்கலாமாடா?" என்றான். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்தால் மனசு கேட்கவில்லை. பதினோரு வருஷம் சோறு போட்ட வண்டியைப் பற்றி இப்படியா பேசுவது? அதனால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

கம்பெனிப் பெயர் வேண்டாம். நாலு சிலிண்டர், டர்போ இல்லை, ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வைத்த பழைய ரக இன்ஜின், மிதி கம்பியால் இழுக்கும் கேபிள் கிளட்ச். வைத்திருப்பவர்களுக்கு இந்த அடையாளம் போதும். மைலேஜ் இன்னும் பதினெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஏசியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் காலை ஸ்டார்ட்டிங்கில் ஆரம்பித்தது. செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், முக்கி முனகும், பின்னால் வெள்ளைப் புகை வரும், இன்ஜின் பிடிக்காது. டீசலில் தீப்பொறி கிடையாது; காற்றை நெருக்குகிற சூட்டில்தான் பற்றியாக வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. புகையே இல்லாவிட்டால் டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கலாம், டீசல் மேலே ஏறவில்லை என்று தேடலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். இவ்வளவும் தெரிந்துதான் புது பேட்டரி வாங்கினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழைய முனகல். செல்ஃபைக் கழற்றிக் கார்பன், புஷ் எல்லாம் மாற்றினோம். அதுவும் கொஞ்ச நாள்தான்.

அடுத்து டெம்பரேச்சர் முள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் இருட்டிய நேரம், பாதி மலையில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் கொதிக்கிற சத்தம் இல்லை, மேல் ஹோஸ் கல்லாக இறுகவில்லை, ரேடியேட்டர் ஃபேன்கூட ஓடவில்லை. "அப்போ ஃபேன் சுவிட்சும் போச்சு" என்று முடிவு கட்டினோம். அன்றைக்கு அந்த வண்டியில் உண்மை பேசியது அந்த ஃபேன் ஒன்றுதான் என்பது பிறகுதான் புரிந்தது. தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், ரேடியேட்டர் குத்திச் சுத்தம் செய்தது என்று செலவு நீண்டது.

மூன்றாவது, கியர். கிளட்ச் மிதி கல் மாதிரி ஆகிவிடும். முதல் கியர் விழ அடம் பிடிக்கும். இன்ஜினை அணைத்தால் எல்லா கியரும் வெண்ணெயாக விழும். அப்படியென்றால் கோளாறு கியர் பெட்டிக்குள் இல்லை, கிளட்ச் முழுதாக விடவில்லை. ஒன்றரை வருஷத்தில் இரண்டு கேபிள், ஒரு கிளட்ச் செட். "உங்க இடது கால் கொஞ்சம் கனமுங்க" என்றார் மெக்கானிக். எட்டு மணி நேரம் பஸ் ஓட்டுகிறவர் காலுக்கே அப்படித் தேயாது, ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு வயசான எலக்ட்ரீஷியன். லைட் பல்பு மாற்றத்தான் போனேன். ஹெட்லைட்டைப் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஒரு துள்ளு துள்ளியதைப் பார்த்துவிட்டார். அணைத்தார், இறங்கியது. போட்டார், ஏறியது.

"ஏனுங் தம்பி, லைட்டு போட்டா தண்ணி கொதிக்குமா?"

ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு முனையை இன்ஜினைத் தூக்கும் கொக்கியில் கவ்வ வைத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சட்டென்று பிடித்தது.

"பேட்டரி மாத்துனீங்க, செல்ஃப் பாத்தீங்க. கரண்டு திரும்பி வர்ற வழிய யாரும் பாக்கல."

கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழியான அந்தப் பின்னல் கம்பி, பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் இழுக்கும் கரண்டு இருநூறு ஆம்பியருக்கு மேல். பட்டை வழி அடைபட்டதால் அது கிளட்ச் கேபிள் வழியாகப் புகுந்து திரும்பியிருக்கிறது. கேபிளின் உள் உறை உருகி ஒட்டிக்கொண்டதுதான் என் 'கனமான கால்'. லைட் போட்டதும் சார்ஜிங் கரண்டு கூடும். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் விழும். மீட்டர் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளும். தண்ணி நிஜமாகக் கொதிக்காததால்தான் அன்றைக்கு மலையில் ஃபேன் ஓடவில்லை. மல்டிமீட்டரில் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது பார்த்தார்: 2.8 வோல்ட். அரை வோல்ட் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பட்டை விலை 250 ரூபாய். துருவைச் சுரண்டி மாட்ட அரை மணி நேரம். அதற்கு முன் நான் கொட்டியது முப்பத்தெட்டாயிரம்.

நியாயமாகச் சொல்லவேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணி உப்பு வெள்ளையாகப் படிந்துதான் இருந்தது. கிளட்ச் தட்டும் லட்சம் கிலோமீட்டர் பார்த்தது. மூன்றாவது சிலிண்டர் ஹீட்டர் பிளக் நிஜமாகவே செத்துக் கிடந்தது, அதையும் மாற்றினேன். ஆனால் கிளட்ச் செட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அந்தப் பட்டையைக் கையால் கழற்றி, கையால் மாட்டியவர்கள். அவர்கள் கண்ணில் படவில்லை என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. போய்ச் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தானுங்க" என்றார்கள்.

இப்போது காலையில் அரைச் சுற்றில் எடுக்கிறது. வால்பாறை ஏறும்போது இரண்டாவது கியரில் அது இழுக்கிற இழுப்பில் கோபமெல்லாம் போய்விடுகிறது. ரிவர்ஸ் மட்டும் 'கர்ர்' என்று கத்தும். அது சின்க்ரோ (பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வளையம்) இல்லாத கியர், கிளட்சை மிதித்து மூன்று எண்ணிவிட்டுப் போட வேண்டும், எல்லாம் தெரியும். எங்கள் சந்தில் தினமும் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வரவேண்டும். தினமும் எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்க்கிறார்.

நண்பனுக்கு மறுபடி போன் செய்தேன். போவதென்றால் காலையில் போ, முதலில் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் உனக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். லைட்டைப் போட்டு முள்ளைப் பார். கையோடு ஜம்பர் கேபிள் கொண்டு போ. இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா எடுக்காதே" என்றேன்.

"சரி, அப்போ உன் வண்டியையே குடு. தொண்ணூறு தரேன்" என்றான்.

2024-ல்தான் ஆர்சி புதுப்பித்திருக்கிறேன், 2029 வரை இருக்கிறது. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.