சிப்பில் 300 படம் ஏற்றித் தருகிறோம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனைப் பக்கமோ போன் கடையில் டேப்லெட்டுக்கு மெமரி சிப் வாங்கிப் படம் ஏற்ற நினைக்கிறவர்கள், காசை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களின் வீட்டாருக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் போய்த்தான் இந்த ஏமாற்று வெளியே வரும். அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

என் தம்பி வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் படகில் போகிறவன். சூரைக்கும் கெலவல்லைக்கும் போகும் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்கும். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் போனில் சிக்னல் அறுந்துவிடும். அதற்குப் பிறகு படகை நடத்தும் தண்டையலிடம் இருக்கும் வயர்லெஸ் செட்தான் கரையோடு உள்ள தொடர்பு. வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் இரவுகளில் ஒரு டேப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். உடம்பு முறிய வேலை செய்கிறவர்களுக்கு அங்கே கிடைக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. அதனால் தம்பியின் டேப்புக்குப் பெரிய சிப் ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்தேன்.

மட்டக்களப்பு நகரத்துக் கடை ஒன்றில் கேட்டேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. "அக்கா, இது ஒரிஜினல் சிப். 512 ஜிபி. முந்நூறு படம் ஏத்தித் தாறம். கடலுக்குப் போறாக்கள் எல்லாரும் எங்கிட்டத்தான் வாங்குறவங்க" என்றார்கள். சிப்புக்கும் ஏற்றுகூலிக்கும் சேர்த்து 9,500 ரூபாய். தம்பியின் டேப்பில் ஏற்கெனவே ஒரு 32 ஜிபி சிப் இருந்தது. எங்கள் வீட்டு வீடியோக்கள் அதில்தான். மூத்தவளின் மகளின் சாமத்திய வீடு, அம்மம்மாவோடு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனது, ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேறியபோது தம்பி ஆடியது. "அதையும் புதுச் சிப்புக்கு மாத்தித் தாறம், பழைய சிப்ப கிளீன் பண்ணி பாட்டுப் போட்டுத் தாறம், அதுக்குக் காசு வேணாம்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் டேப்பைத் தரும்போது என் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினார். 001, 002, 003 என்று இலக்கமிட்ட படங்கள் வரிசையாகத் தெரிந்தன. முதல் மூன்றையும் திறந்தார். படமும் தெளிவு, சத்தமும் தெளிவு. வீட்டு வீடியோக்களின் பெயர்களும் கடைசியில் ஒழுங்காக இருந்தன.

கடலில் இருபதாவது படத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படத்தைத் தொட்டாலும் கறுப்புத் திரை, அல்லது "இந்தக் கோப்பைத் திறக்க முடியாது" என்ற அறிவிப்பு. பெயர் இருக்கிறது, அளவு 1.5 ஜிபி என்று காட்டுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. கூத்து வீடியோவும் அப்படித்தான். கரைக்கு வந்ததும் தம்பி முதலில் கேட்டது அதைப் பற்றித்தான். "அக்கா, கூத்து வீடியோவும் போயிட்டா?"

சிப்பைக் கொண்டு திரும்பவும் கடைக்குப் போனோம். அங்கே சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இவற்றையேதான் சொல்வார்கள்.

முதலாவது, "உப்புக் காத்துக்கு சிப் பழுதாப் போகும். கடலுக்குக் கொண்டு போனா கடை பொறுப்பில்ல." உப்புக் காற்றில் சிப் கெட்டால் சிப்பே தெரியாமல் போகலாம், அல்லது அங்குமிங்குமாகக் கோப்புகள் கெடலாம். முதல் இருபது படத்தையும் ஒரு கீறல் இல்லாமல் விட்டுவிட்டு, இருபத்தொன்றிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் அழிக்க உப்புக் காற்றுக்குத் தெரியாது. கடலுக்குப் போகிறவன் என்று சொல்லித்தானே வாங்கினோம்!

இரண்டாவது, "ஃபைல் பெருசு, அதால திறக்காது." ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையில் ஃபார்மட் செய்த சிப்பில் 4 ஜிபிக்குக் கூடிய ஒரு கோப்பை வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடை பிரதி எடுக்கும்போதே வந்துவிடும், கோப்பு சிப்புக்குள் போகவே போகாது. போனபின் திறக்காமல் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள சிப்புகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் முறையில்தான் வரும், அங்கே அந்த 4 ஜிபி தடையும் கிடையாது. எங்கள் படங்களோ 1.5 ஜிபி அளவு.

மூன்றாவது, "உங்கட டேப் சப்போர்ட் பண்ணுதில்ல." இதிலும் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். சில படங்கள் எச்.265 முறையில் சுருக்கப்பட்டிருக்கும், பழைய டேப்புகள் அதில் திணறும். சிலவற்றில் ஒலி ஏசி3 அல்லது டிடிஎஸ் ஆக இருக்கும், அப்போது படம் ஓடும், சத்தம் வராது. இப்படியான கோளாறு பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரைப் போட்டால் தீர்ந்துவிடும். நாங்கள் விஎல்சியிலும் பார்த்தோம், மடிக்கணினியிலும் பார்த்தோம். ஒன்றும் ஓடவில்லை.

"அப்ப இந்தச் சிப்ப உங்கட கம்ப்யூட்டரிலயே போட்டு செக் பண்ணுங்க" என்று தம்பி கேட்டான். அதற்கு மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. கொழும்பிலிருந்து சரக்கு அனுப்பியவர் இவரையும் ஏமாற்றியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் நின்று கேட்கும்போது பரிசோதிக்க மறுக்கிறவரை அப்பாவி என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தப் போலிச் சிப்பின் சூட்சுமம் இதுதான். சிப்புக்குள் சேமிப்புப் பகுதி ஒன்று இருக்கிறது, அதை நிர்வகிக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றும் இருக்கிறது. "உன் கொள்ளளவு எவ்வளவு" என்று டேப்போ கணினியோ கேட்டால் பதில் சொல்வது அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி. மோசடிக்காரர்கள் அதிலுள்ள மென்பொருளை மாற்றி, 32 ஜிபி உள்ள சிப்பை 512 என்று சொல்ல வைக்கிறார்கள். நாம் படம் ஏற்றும்போது எல்லாம் ஒழுங்காகப் போவதுபோல் காட்டும், பிழை என்று ஒரு வார்த்தை வராது. உண்மையான 32 ஜிபி நிறைந்ததும் அதற்குப் பிறகு வருவதை அது எங்கும் எழுதுவதில்லை. சில போலிகள் திரும்பவும் ஆரம்பத்துக்கு வந்து முதலில் எழுதியதன் மேலேயே எழுதிவிடும், அப்போது முதல் படங்களும் போய்விடும். கோப்பின் பெயர்ப் பட்டியல் வேறாகச் சேமிக்கப்படுவதால் பெயரும் அளவும் அப்படியே நிற்கும். அதனால்தான் கடையில் முதல் மூன்று படத்தைத் திறந்து காட்டுவது எதையும் நிரூபிக்காது. முதல் படங்கள் பல போலிச் சிப்புகளிலும் ஓடும்.

வீட்டில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் கணினியில் போட்டுப் பார்த்தோம். சிப் முழுவதையும் தரவால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வாசித்து ஒப்பிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று இருக்கிறது. நேரம் எடுக்கும். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் 512 ஜிபியை எழுத மட்டுமே ஏழு மணித்தியாலம் ஆகும், வாசிக்க வேறு நேரம். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிவு தெரியும். நல்லது சுமார் 30 ஜிபி, மிச்சம் எல்லாம் இழந்த தரவு என்று எங்களுக்கு வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உண்மையான 512 ஜிபி சிப்பைக் கணினியில் போட்டால் 476 ஜிபி அளவில்தான் காட்டும். கம்பெனிகள் ஆயிரத்தால் கணக்கிடுகின்றன, விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. அந்தக் குறைவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

எனக்கு 9,500 ரூபாயைவிட வலித்தது கூத்து வீடியோ. பழைய சிப்பைக் கடையில் ஃபார்மட் செய்து பாட்டுகளை ஏற்றிவிட்டார்கள். சாதாரணமாக ஃபார்மட் செய்தால் பெயர்ப் பட்டியல்தான் முதலில் போகிறது, உள்ளே இருப்பது புதிதாக ஒன்று மேலே எழுதப்படும் வரை பெரும்பாலும் கிடக்கும். ஆகவே இப்படி நடந்தால் அந்தச் சிப்பை உடனே கழற்றி வையுங்கள். ஒரு பாட்டோ ஒரு படமோகூட அதில் புதிதாகப் போடாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்டுப் பார்க்கலாம், மீட்டெடுப்பதை வேறொரு டிரைவில் சேமிக்க வேண்டும். எங்களுக்குச் சாமத்திய வீட்டு வீடியோ முழுதாகக் கிடைத்தது. மாமாங்கத்தில் எடுத்ததில் சில துண்டுகள் வந்தன. கூத்து கிடைக்கவில்லை, பாட்டுகள் அதன் மேல் விழுந்துவிட்டன. அன்று ஊரில் வேறு யாராவது போனில் எடுத்தார்களா என்று இப்போதும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? வெறும் சிப்பை வாங்கி வந்து, முதலில் பரிசோதித்துவிட்டு, பிறகு ஏற்றுங்கள். கார்ட் ரீடர் இருந்தால் சிப்பை நேரே கணினியில் போடலாம். இல்லாவிட்டால், படம் ஏற்ற மட்டும், டேப்பை வயரால் கணினியோடு இணைத்து, டேப்பின் மேல் பக்கத்தில் வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் சார்ஜ் மட்டும்தான் ஏறும். மென்பொருள் எல்லாம் தெரியாது என்கிறவர்கள், சிப் நிறையும் வரை ஏற்றிவிட்டு, முறையாக வெளியேற்றிக் கழற்றி, மீண்டும் போட்டு, முதலில் ஏற்றிய படங்களையும் கடைசியாக ஏற்றிய படங்களையும் திறந்து நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் இழுத்துப் பாருங்கள். கழற்றிப் போடுவது முக்கியம். சற்றுமுன் பிரதி எடுத்ததைக் கணினி தன் நினைவிலிருந்தே ஓட்டிக் காட்டக்கூடும். கடையில் ஏற்றினாலும் இதையேதான் கேட்க வேண்டும்: "முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திறந்து காட்டுங்க." அப்புறம், வீட்டு வீடியோ உள்ள பழைய சிப்பை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும்.

டேப்லெட்டிலும் இதே மோசடி நடக்கிறது. பெயர் தெரியாத கம்பெனி டேப்பில் 12 ஜிபி ராம், 512 ஜிபி கொள்ளளவு என்று பெட்டியில் போட்டு, செட்டிங்ஸிலும் அதே எண் வரும்படி மாற்றி விற்கிறார்கள். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் அதுவே முதல் அறிகுறி. நெட்ஃபிளிக்ஸில் பணம் கட்டிப் பார்ப்பவர்கள் செயலிக்குள்ளேயே இறக்கி வைக்கலாம், சட்டப்படியும் அதுவே சரி. ஆனால் அந்தக் கோப்பை வேறு சாதனத்துக்கு மாற்ற முடியாது, சில படங்கள் ஓட்டத் தொடங்கி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகும். வாரக்கணக்கில் கடலில் நிற்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் கடைசியாகச் சொன்னது ஒரு மிரட்டல். "போய் முறையிடுங்க. படம் ஏத்தச் சொன்னது நீங்களும்தானே, நீங்களும்தான் மாட்டுவீங்க." அனுமதி இல்லாமல் படங்களைப் பிரதி எடுத்துக் காசுக்குக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரண் என்பது உண்மை. அந்தத் தொழிலைச் செய்வது கடை. வாங்குகிறவரின் வாயை மூட அதே கடை அந்தச் சட்டத்தைத் தூக்கிக் காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் முறைப்பாடு படத்தைப் பற்றியதல்ல, 32 ஜிபி சிப்பை 512 என்று விற்றதைப் பற்றியது. பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடலில் இருக்கும் வாரங்களும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் கழியும், ஆகவே தொழிலுக்குப் போனவர் திரும்பி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வீட்டிலிருப்பவர் பெயரிலேயே பற்றுச்சீட்டை எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அதில் "சிப், 512 ஜிபி" என்று கொள்ளளவோடு எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் அப்படி எழுதிய சீட்டும், பரிசோதனை முடிவின் படமும், சிப்பின் உறையும் இருக்கின்றன. முறைப்பாட்டோடு அவற்றின் பிரதிகளை வைத்துக் கொடுத்துவிட்டோம். அதே கடையில் வாங்கியவர்கள் வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய சிப்புகளையும் இந்த வாரம் எங்கள் வீட்டு மடிக்கணினியில் போட்டுப் பார்க்கிறோம். போலி என்று தெரிந்தால் அவரவர் பெயரில் தனித்தனி முறைப்பாடு எழுத நான் உதவுகிறேன்.